வீட்டுக் கணினிக்கு ஒரு வெளித்தட்டு



பனையோலையில் எழுதப்பட்ட நூலுக்கு ஆயுள் எல்லை உண்டு. செல்லும் ஈரமும் அதனை மெல்ல மெல்ல அரித்துவிடும். இதனை நன்கறிந்த நம் முன்னோர், ஏட்டின் உறுதியை மட்டும் நம்பியிருக்கவில்லை. பழஞ்சுவடி சிதையுமுன் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். அவ்வழக்கம் தளர்ந்த இடங்களிலே நூல்கள் மறைந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், 1880களிலே பழைய இலக்கண இலக்கியங்களைத் தேடித் தேடி அச்சேற்றிய காலத்தில், கட்டை அவிழ்க்கும்போதே ஒடிந்து விழும் ஏடுகளைக் கண்டு உள்ளம் நைந்து தம் பதிப்புரையில் எழுதியிருக்கின்றார். பல ஊர்களிலே பல பிரதிகளாக இருந்த நூல்கள் அவர் கைக்குக் கிட்டின. ஒரே வீட்டில் ஒரே பிரதியாக இருந்தவை என்னவாயின என்பதை யார் அறிவார்?

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். அவற்றுள் அச்சிற் கிடைத்த நூல்களிற் பலவற்றைப் பின்னர் வேறிடங்களிலிருந்து தேடிப் பெற முடிந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் எவராலும் மீட்டுத்தர முடியவில்லை. 2005 ஆம் ஆண்டிலே தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் இன்று ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமாக்கி இணையத்தில் வைத்து வருகின்றது. ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்த காலத்தின் துயரை அறிந்தவர்கள் செய்யும் பணி அது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவற்றோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறியது. வீட்டிலே லினக்ஸ் முறைமையிற் கணினி ஒன்றை வைத்திருப்பவர், அதிலுள்ளவற்றுக்குக் காப்புப் பிரதி எடுப்பதற்கு எத்தகைய வெளிச் சேமிப்புத் தட்டை வாங்குவது என்பதே அது. நான் கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லேன். ஆயினும் பாடசாலை அதிபராக இருப்பவருக்கு இக்காலத்திலே இவ்விடயம் தெரியாமலிருக்க வழியில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் வந்து கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு விடை சொல்லவேண்டியிருக்கின்றது.

வீட்டுக் கணினியில் அப்படி என்னதான் இருக்கின்றது என்று சிலர் நினைக்கலாம். தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் கணினியைத் திறந்து பாருங்கள். காணியுறுதியின் படம், பிறப்பு விவாகச் சான்றிதழ்களின் படங்கள், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய ஒளிப்படங்கள், மறைந்துபோன தாயாரின் குரல் பதிந்த சிறு ஒலித்துண்டு, பாட்டனார் எழுதிய ஊர்க் குறிப்பு ஆகிய இவையெல்லாம் ஒரு சிறு தட்டுக்குள் அடங்கியிருக்கும். 1983 ஆம் ஆண்டு ஜூலையிலே இக்கரையோரத்தில் எரிந்த வீடுகளில் தளபாடங்கள் மட்டுமா எரிந்தன? உறுதிகளும் சான்றிதழ்களும் விவாகப் படங்களும் எரிந்தன. தளபாடத்தை மீண்டும் வாங்கியவர்கள் உளர். தந்தையாரின் ஒரே படத்தை மீண்டும் பெற்றவரை நான் கண்டதில்லை. இன்று ஒரு படத்தைப் பத்துப் படிகளாக்குவது ஒரு நிமிட வேலை. அப்படியிருந்தும் பெரும்பாலான வீடுகளில் ஒரே பிரதிதான் இருக்கின்றது என்பது வியப்புக்குரியது.

லினக்ஸ் என்பதைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டிலே தொடங்கி, உலகெங்குமுள்ளோர் கூடி வளர்த்த பணிசெயல் முறைமை அது. விலையின்றிப் பெறலாம், பழைய கணினிகளிலும் இலகுவாக ஓடும். 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவு முடிவுற்றபின், புதியதை ஏற்கும் வலுவில்லாத கணினிகளைக் கழித்துவிட மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலிய வடிவங்களை நாடியிருக்கின்றனர். அவ்வாறு மாறியவர்கள் வெளித்தட்டு வாங்கக் கடைக்குப் போகும்போது ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. கடைக்காரர் தரும் தட்டு விண்டோஸ் முறைமையை எண்ணியே ஆயத்தம் செய்யப்பட்டிருக்கும். பெட்டியின்மேல் லினக்ஸ் என்ற சொல்லே இராது. இதற்காக அஞ்சவேண்டியதில்லை. யூ.எஸ்.பி. வழியே இணையும் தட்டு எதுவாயினும் லினக்ஸ் அதனை இனங்கண்டுகொள்ளும். தட்டோடு இலவசமாகத் தரப்படும் காப்பு மென்பொருளும் கடவுச்சொற் பூட்டு மென்பொருளுந்தான் பெரும்பாலும் அதில் ஓடா. ஆகவே அந்த மென்பொருளுக்கென்று அதிக விலை கொடுப்பது வீண்.

எத்தட்டை வாங்குவது என்பதற்கு முன், அத்தட்டு என்ன தொழிலைச் செய்யவேண்டும் என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினி அமைப்பின்மீது பணயத் தீநிரல் தாக்குதல் நிகழ்ந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் நிரலையே அவ்வாறு அழைக்கின்றோம். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துத் தரவுகள் மீளவில்லை. அங்கே காப்புப் பிரதி இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் அதுவும் இணைப்பிலேயே இருந்தபடியால் மூலத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்பிலிருந்து பிரித்து வேறாக வைத்த பிரதி அம்மாதங்களுக்கு இருக்கவில்லை.

லினக்ஸ் வீட்டுக் கணினிகளை இத்தகைய நிரல்கள் தாக்குவது அரிது என்பது மெய்தான். ஆனால் தவறான ஒரு கட்டளையால் ஒரு கோப்புறை முழுவதையும் அழித்துவிடுவது எம்முறைமையிலும் எளிது. மின்னல் வழிவந்த மிகைமின்னோட்டம் கணினியைத் தாக்கினால், அதனோடு கொளுவியிருக்கும் வெளித்தட்டையும் அது விட்டுவைக்காது. பங்குனி சித்திரை மாதங்களில் மாலை வேளைகளிலே கொழும்பிற் பெய்யும் இடிமழையை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே காப்புத்தட்டு என்பது வேலை முடிந்தவுடன் கழற்றி வைக்கப்படுவதாக இருக்கவேண்டும். நாளெல்லாம் மேசைமேல் மின்விளக்கு மின்ன இணைந்திருப்பது கூடுதல் இடம் என்று சொல்லத்தக்கதேயன்றிக் காப்பு என்று சொல்லத்தக்கதன்று.

இதனை மனத்திற்கொண்டால் தெரிவு பாதி முடிந்துவிடும். பெரிய மேசைத்தட்டுகளுக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். அவை கொள்ளளவுக்கு மலிவானவை. ஆயினும் கழற்றிப் பூட்டவும் எடுத்துச் செல்லவும் பாரமானவை. 2022 ஆம் ஆண்டில் மின்வெட்டு ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை நீடித்ததை நாம் மறந்துவிடவில்லை. அன்று மடிக்கணினியின் மின்கலத்தைக்கொண்டே இயங்கக்கூடிய சிறு தட்டு வைத்திருந்தவர்கள் இருளிலும் தம் வேலையைச் செய்துகொண்டார்கள். வீட்டுத் தேவைக்கு உள்ளங்கையளவான, யூ.எஸ்.பி. வடத்தினூடாகவே மின்னைப் பெறும் இரண்டரை அங்குலத் தட்டே ஏற்றது என்பது என் கருத்து.

பென்ட்ரைவ் எனப்படும் விரற்கட்டையை இதற்குப் பயன்படுத்தலாகாதா என்று கேட்பார்கள். ஒரு கடிதத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோக அது நல்லது. பல்லாண்டு காப்புக்கு அதனை நம்பவேண்டாம். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் நடைபாதைக் கடையொன்றிலே 2 டெராபைட் கொள்ளும் என்று எழுதிய ஒன்றை வியக்கத்தக்க மலிவு விலைக்கு வாங்கிவந்தார். கோப்புகள் ஏறின, பெயர்களும் தெரிந்தன, திறந்தால் ஒன்றும் திறக்கவில்லை. உள்ளே இருந்தது அதன் சிறு பின்னமான கொள்ளளவு. கணினிக்குப் பொய்யளவைச் சொல்லும்படி அதனை அமைத்திருந்தார்கள். நிறைந்தபின் வந்த கோப்புகள் போவதற்கு இடமின்றி மறைந்தன. லினக்ஸ் பாவிப்போர் இத்தகைய மோசடியைக் கண்டறிய எப்3 என்னும் இலவச நிரல் உண்டு. தட்டு நிரம்பும்வரை எழுதி, எழுதியதை மீண்டும் வாசித்து ஒப்பிட்டு, உண்மைக் கொள்ளளவை அது சொல்லிவிடும். புதிதாக வாங்கிய எதனையும், பெயர்பெற்ற நிறுவனத்தினதாயினும், முதலிரவே இவ்வாறு சோதித்தல் நன்று. உத்தரவாதச் சீட்டையும் பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

இனி எஞ்சியிருப்பவை இரண்டு. சுழலும் தகடுகளைக்கொண்ட வன்தட்டு ஒன்று. அசையும் பாகமே இல்லாத திண்மநிலைத் தட்டு மற்றொன்று. பின்னது வேகமானது, ஓசையற்றது, கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் பிழைப்பது. இக்காரணங்களால் இளைஞர்கள் அதனையே விரும்புகின்றனர். ஆனால் அதன் உள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். அதிலே எழுத்து, நுண்ணிய அறைகளுக்குள் சிறைப்பட்ட மின்னூட்டமாக நிற்கின்றது. மின்னின்றி நெடுங்காலம் கிடந்தால் அம்மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசியக்கூடும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். இத்துறைக்கு நியமம் வகுக்கும் ஜெடெக் என்னும் அமைப்பு, வீட்டுப் பாவனைக்கான திண்மநிலைத் தட்டு தன் எழுத்தாயுள் முழுவதையும் கழித்த பின்னரும், மின்னின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்கவேண்டும் என்று விதித்துள்ளது. புதிய தட்டு இதனினும் மிக நெடுங்காலம் தாங்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் அலுமாரியில் வைத்துவிட்டு மூன்றாண்டு மறந்துபோகும் இயல்புள்ளவர்களுக்கு, 30 பாகையைச் சாதாரணமாகத் தொடும் நம் கரையோர வெப்பத்திலே, அது தகுந்ததென்று நான் சொல்லமாட்டேன். சில மாதத்துக்கொருமுறை தவறாது இணைத்துப் பார்ப்பவர் அதனைத் தாராளமாக வாங்கலாம்.

வன்தட்டிலோ எழுத்து காந்தமாகப் பதிந்து கிடக்கின்றது. மின்னின்றி இருப்பது அதற்குப் பெரிய குறையன்று. அதன் பகை வீழ்ச்சியும் அதிர்ச்சியும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் தகட்டின்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் தலை தகட்டைக் கீறிவிடும். ஆகவே அது ஓடும்போது மேசையின் நடுவிலே படுக்கையாக இருக்கட்டும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வடத்தின் நீளத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

வன்தட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இன்று விற்பனையாகும் சிறு வெளித்தட்டுகளிற் பெரும்பாலானவற்றில், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எழுத்துத் தடங்கள் ஒன்றன்மேலொன்று சிறிது படியுமாறு அமைக்கப்பட்டுள்ளன. நம் ஓட்டு வீடுகளின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வேய்ந்துகொண்டு போவது விரைவில் நடக்கும். நடுவிலே ஓர் ஓட்டை மாற்றவேண்டுமாயின் அதன்மேற் படிந்துள்ளவற்றையும் கிளப்பி மீண்டும் அடுக்கவேண்டும். அதுபோலவே இத்தட்டுகளும் முதல்முறை எழுதும்போது விரைந்து எழுதும். பழையதை அழித்துப் புதியதை இடையிடையே எழுதும்போது தாமதிக்கும். பழுது என்று எண்ணிச் சிலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதுண்டு. வாரத்துக்கொருமுறை காப்பெடுக்கும் வீட்டுக்கு இத்தாமதம் ஒரு பொருட்டன்று. இரவு உணவுக்கு முன் தொடக்கிவிட்டால் உணவு முடியும்போது வேலையும் முடிந்திருக்கும்.

வேகம் பெரும்பாலும் தட்டினால் மட்டும் ஆவதன்று. கணினியின் துளையையும் பார்க்கவேண்டும். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளையினூடாக விநாடிக்கு 35 மெகாபைட் அளவே செல்லும். 100 கிகாபைட் ஏறுவதற்கு அதில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேலாகும். 3.0 துளையில், உள்ளே பெரும்பாலும் நீலநிறமாயிருப்பது அது, நல்ல வன்தட்டாயின் 20 நிமிடமளவிற் போதும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளாயின் இரண்டிலும் நேரம் கூடும். பழைய கணினி வைத்திருப்பவர் அதிவேகத் தட்டுக்கு அதிக விலை கொடுப்பது, ஒழுங்கையிலே ஓடுவதற்குப் பந்தயக்கார் வாங்குவதையொக்கும்.

கொள்ளளவு எவ்வளவு? உங்கள் கோப்புகளின் இன்றைய அளவைப் பாருங்கள். அதன் இருமடங்குக்குக் குறையாமல் வாங்குங்கள். பழைய நிலைகள் சிலவற்றையும் சேர்த்து வைப்பதற்கு அவ்விடம் வேண்டும். நேற்றுத் தவறுதலாகத் திருத்திய கணக்கை முந்திய வாரத்து வடிவிலே எடுக்க முடிந்தாலல்லவா காப்பினாற் பயன்? ஒரு டெராபைட் என்று வாங்கியது கணினியில் 931 என்று காட்டும்போது ஏமாற்றப்பட்டோம் என்று கலங்கவேண்டாம். விற்பவர் பத்தின் பெருக்கத்தால் அளக்கின்றார். சில நிரல்கள் இரண்டின் பெருக்கத்தால் அளக்கின்றன. கொத்தும் மரைக்காலும் வைத்து ஊருக்கு ஊர் வேறாக அளந்த நமக்கு இது புதிதன்று.

இனி, லினக்ஸ் பாவிப்போர் பலர் கவனியாது விடும் இடத்துக்கு வருகின்றேன். தட்டு என்பது வெற்றுக் காணி போன்றது. அதிலே எல்லை பிரித்து வரம்பு கட்டும் ஒழுங்குக்குக் கோப்பு முறைமை என்று பெயர். கடையிலிருந்து வரும் தட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எப்.எஸ். என்னும் முறைமையில் வரம்பிடப்பட்டிருக்கும். லினக்ஸ் இரண்டையும் வாசிக்கும், எழுதும். படங்களையும் கடிதங்களையும் வைப்பதற்கு எக்ஸ்ஃபேட் தாராளமாகப் போதும். ஆனால் லினக்ஸிலே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், எவர் வாசிக்கலாம், எவர் திருத்தலாம், அது இயங்கும் நிரலா என்னும் குறிப்புகள் உண்டு. ஒரு கோப்பை மற்றொன்றோடு பிணைக்கும் இணைப்புகளும் உண்டு. எக்ஸ்ஃபேட்டில் இவற்றைப் பதிய இடமில்லை. பழைய ஃபேட்32 முறைமையோ 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்கவே மாட்டாது. கலியாண வீட்டு வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். எனவே கணினி முழுவதையும் உள்ளது உள்ளபடி காக்க விரும்புபவர், வாங்கியவுடன் தட்டை எக்ஸ்ட்4 என்னும் லினக்ஸுக்குரிய முறைமைக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் ‘தட்டுகள்’ என்ற நிரலினூடாகச் சில நிமிடங்களில் இதனைச் செய்யலாம். மாற்றும்போது தட்டிலுள்ளவை யாவும் அழியும். எத்தட்டைத் தெரிந்திருக்கின்றோம் என்று இருமுறை பார்த்துக் கொள்ளவேண்டும். எக்ஸ்ட்4 தன் இருபதில் ஒரு பங்கு இடத்தை வழமையாக ஒதுக்கி வைத்துக்கொள்ளும் என்பதையும், மாற்றியபின் தட்டுக்கு உரிமையாளராக உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலன்றி எழுத விடாது என்பதையும் அறிந்திருந்தால் பின்னர் திகைக்க நேராது.

இதிலே ஒரு சங்கடமும் உண்டு. எக்ஸ்ட்4 தட்டை விண்டோஸ் கணினியிற் கொளுவினால் அது வாசிக்காது; வெறுந்தட்டு என்று எண்ணி, புதிதாக வரம்பிடட்டுமா என்று கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்தினால் எல்லாம் போயிற்று. வீட்டிலே மற்றவர்கள் விண்டோஸ் பாவிப்பவர்களாயின், தட்டை இரண்டாகப் பிரித்துப் பெரும்பாகத்தை எக்ஸ்ட்4 ஆகவும், குடும்பப் படங்களுக்குரிய சிறு பாகத்தை எக்ஸ்ஃபேட் ஆகவும் வைத்துக்கொள்ளலாம். அல்லது காப்பு நிரலே எல்லாவற்றையும் தன்னுடைய பொதியாகக் கட்டி வைக்குமாயின், உரிமைக் குறிப்புகள் பொதிக்குள்ளே அடங்கிவிடும். வெளித்தட்டின் முறைமை எதுவாயினும் பெரிதில்லை. உபுண்டுவோடு வரும் டேஜா டப் அவ்வகையைச் சேர்ந்தது. 1996 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவில் உருவான ஆர்சிங்க் என்னும் நிரலோ பொதியாகக் கட்டாமல், கோப்பைக் கோப்பாகவே படியெடுக்கும். மாறியவற்றை மட்டும் இரண்டாம்முறை எடுக்கும். எந்த நிரலும் இல்லாமலே பின்னர் திறந்து பார்க்கலாம் என்பதால் எனக்கு அது பிடித்தமானது. மின்ட்டோடு வரும் டைம்ஷிப்ட் என்பதை மட்டும் நம்பியிருப்பவர்கள் கவனிக்கவேண்டும். அது முறைமையைக் காப்பதற்கு எழுந்தது. உங்கள் சொந்தக் கோப்புகளை, நீங்கள் சொல்லாதவரை, அது எடுப்பதில்லை.

வேலை முடிந்தவுடன் வடத்தை உருவிவிடலாகாது. லினக்ஸ் எழுதவேண்டியவற்றைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதும் பழக்கமுடையது. திரையிலே முடிந்ததென்று காட்டினாலும் தட்டில் முடிந்திராது. பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, அனுமதி வந்தபின்னரே கழற்றவேண்டும்.

தட்டின் உடலைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறு வெளித்தட்டுகள் சிலவற்றில் யூ.எஸ்.பி. முனை உட்பலகையோடேயே ஒட்டப்பட்டிருக்கும். முனை துருப்பிடித்தோ உடைந்தோ போனால் உள்ளிருப்பதை எடுப்பது பெருஞ்செலவு. கடலுக்கும் காலி வீதிக்குமிடையே குடியிருப்பவர்களுக்குத் துரு என்பது நாளாந்த அனுபவம். யன்னற் பிணைச்சலும் மின்விசிறியின் திருகாணியும் படும்பாட்டை முனைகளும் படுகின்றன. இதற்கு மாற்றாக, கணினிக்குள் வைக்கும் சாதாரண இரண்டரை அங்குலத் தட்டையும் அதற்குரிய வெளியுறையையும் தனித்தனியே வாங்கிப் பொருத்தலாம். உறை கெட்டால் உறையை மட்டும் மாற்றினாற் போதும். இது சற்றுப் பருமனாயிருக்கும்; ஆயினும் நான் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுவே. காற்றுப் புகாத உணவுப் பெட்டி ஒன்றிலே, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப்பொட்டலம் இரண்டோடு வைத்தால், கடற்காற்று அதனை அணுகாது. மணிகள் ஈரமானவுடன் பொட்டலத்தை மாற்றிவிட வேண்டும்.

பெரியதும் விரைவானதுமான ஒரு தட்டுக்குரிய பணம் கையிலிருந்தால், அதற்கு நடுத்தரமான இரண்டு வாங்குங்கள். இருவேறு நிறுவனத்தனவாயின் இன்னும் நல்லது; ஒரே தொகுதியிற் செய்யப்பட்டவை ஒரே குறையுடையனவாக இருக்கலாம். ஒன்று வீட்டிலே இருக்கட்டும். மற்றொன்று வேறு வீட்டுக்குப் போகட்டும். பிரதி மூன்று, அவை இருவகை ஊடகத்தில், ஒன்று வெளியிடத்தில் என்று மேலைநாட்டார் இதனைச் சூத்திரமாகவே சொல்வர். பீற்றர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் அதனைப் பரப்பினார். நமக்குச் சூத்திரம் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது, கொலன்னாவைப் பகுதியில் ஒரே வீட்டின் மேசையிலிருந்த கணினியும் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்த காப்பும் ஒரே நீரில் மூழ்கியிருக்கும் அல்லவா? கொட்டாஞ்சேனையிலுள்ள மைத்துனர் வீடோ, கண்டியிலுள்ள தமக்கை வீடோ, யாழ்ப்பாணத்துப் பெரியப்பா வீடோ, எதுவாயினும் ஆகுக. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்வரும்போது பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவரலாம். இணையத்திலே வாடகைக்குச் சேமிப்பிடம் எடுப்பதும் ஒருவழிதான். நம் இணைப்புகளில் மேலேற்றும் வேகம் குறைவு, மாதச்செலவும் தொடரும், வாடகை நின்றால் பொருளும் போகும். அதனை மூன்றாவதாக வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

தட்டு வேறு வீட்டுக்குப் போகுமாயின் அதற்குப் பூட்டும் வேண்டும். சிறப்பாக ஆசிரியர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். மாணவரின் புள்ளிகளும் பெற்றோரின் முகவரிகளும் குடும்ப நிலைமைகளும் நம் கணினிகளில் உள்ளன. அவை நம்முடையவை அல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னர் இது சட்டத்தின் கண்ணிலும் பாரமான பொறுப்பாகின்றது. லினக்ஸில் லக்ஸ் என்னும் மறைகுறியாக்க முறை உள்ளது. தட்டை எக்ஸ்ட்4 ஆக மாற்றும்போதே கடவுச்சொற்றொடர் ஒன்றைக் கொடுத்து அதனைப் பூட்டிக்கொள்ளலாம். தட்டு பஸ்ஸிலே தவறிப்போனாலும் எடுத்தவர் ஒன்றும் வாசிக்க முடியாது. ஆனால் சொற்றொடரை மறந்தால் உரியவருக்கும் அதே கதிதான். திறந்துகொடுக்க எந்த நிறுவனமும் இல்லை. பேரப்பிள்ளைகளின் படங்கள் மட்டும் உள்ள தட்டுக்கு இப்பூட்டு வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பூட்டினால் ஏற்படக்கூடிய இழப்பு அங்கே பூட்டாமையால் வரும் இழப்பிலும் பெரிது.

இவ்வளவும் செய்தவர்களிற் பெரும்பாலோர் ஒன்றை மட்டும் செய்வதில்லை. காப்பிலிருந்து எடுத்துப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு இருமுறையேனும், வேறொரு கணினியிலே லினக்ஸ் தொடக்கத் தட்டைப் போட்டு இயக்கி, காப்புத்தட்டைக் கொளுவி, பத்துக் கோப்புகளை அங்குமிங்குமாகத் தெரிந்து திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு கணக்கு, ஓர் ஒலித்துண்டு, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஒரு கடிதம் என வகைக்கொன்றாக இருக்கட்டும். எழுத்துரு இல்லாமையால் அக்கடிதம் புரியாத குறிகளாகத் தெரிந்தால், எழுத்துருவையும் சேர்த்துக் காப்பில் வைக்கவேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அச்சோதனையை வீட்டிலுள்ள இன்னொருவர் கையாற் செய்விப்பது மிக நன்று. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த காப்பு, அவர் நோயிற் படுத்த நாளிலே எவருக்கும் உதவுவதில்லை.

தட்டு எவ்வீட்டில் உள்ளது, எம்முறைமையில் உள்ளது, எந்நிரலால் எடுக்கப்பட்டது, கடவுச்சொற்றொடர் யாது, கடைசியாகச் சோதித்த திகதி யாது என்னும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் காணியுறுதி இருக்கும் உறைக்குள் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், கடற்கரை ஈரத்தில் மை ஊறிப் பரவும்.